தலைவரின் பல்வலி யார் காதில் விழுந்தது?

மேடைக்கு அடியில் நுழையும்போது உடம்பு வளைந்து கொடுத்தது. வெளியே வரும் நேரத்தில் அது மனம் மாறிவிட்டது.

கூட்ட அரங்கின் மரமேடைக்குக் கீழே குப்புறப் படுத்துக்கொண்டு, தலையில் ஒட்டடையும் முழங்கையில் சிராய்ப்புமாக, அந்தத் துப்பறியும் பெண் தன் தொழிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஊரில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர். யாரோ கேலிக்கு வைத்தது. அவள் அதையே பெயர்ப்பலகையில் எழுதி மாட்டிக்கொண்டாள். நம்மைப் பற்றிய கேலியை நாமே முந்திச் செய்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் மிச்சம் என்பது அவள் கட்சி.

“அண்ணி, ஒற்றன் கிடைச்சானா?” வெளியிலிருந்து நாத்தனாரின் குரல்.

“இன்னும் இல்ல.”

“நீங்களாவது கிடைப்பீங்களா?”

நாத்தனார் என்றால் மோப்பத்தின் கணவருடைய தங்கை. தொழிலில் உதவியாளர். “நாத்தனாரையா கூட வெச்சிருக்கே?” என்று கேட்காதவர்கள் கிடையாது. மோப்பம் வேறு மாதிரி யோசித்திருந்தாள். அண்ணி எப்போது எழுந்தாள், யாரோடு போனில் சிரித்தாள், எந்தப் பாத்திரத்தை உடைத்து எங்கே ஒளித்தாள் என்பதையெல்லாம் யாரும் கேட்காமலே கண்டுபிடிக்கிற பிறவி அது. அந்தத் திறமையை வீட்டுக்கு வெளியே திருப்பிவிட்டால் வீடும் தப்பிக்கும், தொழிலும் பிழைக்கும்.

மேடைக்கு அடியில் புகுந்ததற்கு ஒரு கோட்பாடு இருந்தது. பூட்டுத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் சங்கம் புதன்கிழமை தோறும் மாலையில் இந்த அரங்கில் கூடும். தொழிற்சாலையின் மெருகுப் பிரிவை மூடிவிடப் போவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அதைத் தடுப்பது எப்படி, எதில் விட்டுக்கொடுப்பது, எதில் பிடிவாதம் பிடிப்பது என்றெல்லாம் புதனன்று இங்கே பேசுவார்கள். மறுநாள் பேச்சுவார்த்தைக்குப் போனால், பேசியது அத்தனையும் மேலாளருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பூட்டு செய்கிறவர்கள் சங்கத்தில் யாரோ ஒருவர் வாய்க்குப் பூட்டு இல்லை.

ஆனால் ஒரு விசித்திரம். போன வாரம் வேலை நிறுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கை தூக்கச் சொல்லி வாக்கெடுத்தார்கள். எண்ணியதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த முடிவு மட்டும் மேலாளருக்குத் தெரியவில்லை. வாயால் சொன்னது போனது, கையால் சொன்னது போகவில்லை. அப்படியென்றால் ஒற்றன் கேட்கிறான், பார்ப்பதில்லை. எங்கே ஒளிந்தால் கேட்கலாம், பார்க்க முடியாது? மேடைக்கு அடியில்.

இவ்வளவு அழகான கோட்பாட்டுக்குக் கிடைத்த சாட்சிகள் ஒரு பழைய செருப்பும் இரண்டு பல்லிகளும்தான்.

யாரோ அவள் கணுக்கால்களைப் பிடித்து இழுத்தார்கள். நாத்தனாரின் கையில் அவ்வளவு பலம் கிடையாது. வெளிச்சத்துக்கு வந்து பார்த்தால், அவளை இந்த வேலைக்கு அமர்த்திய பெண்ணே நின்றாள். சங்கத்தின் செயலாளர். தொழிற்சாலையில் சாவி வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்வதால் எல்லாருக்கும் அவள் ‘சாவிக்காரி’.

“அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டம்,” என்றாள் சாவிக்காரி. “இன்னைக்கு முதல் விஷயமே நான்தான். என்னைத் தூக்கணும், வயரைப் பிடுங்கணும்.”

அவளுடைய வலது காதின் பின்னால் ஒரு சிறு கருவி இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி போய், தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த வட்டச் சில்லில் முடிந்தது. மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனபின், அறுவை செய்து உள்ளே வைத்த காக்ளியர் இம்ப்ளான்ட்டின் வெளிப்பாகம் அது. வீட்டில், கடையில், இயந்திரத்தருகில் எல்லாம் அது போதும். இந்த அரங்கில் போதாது. எதிரொலி, மின்விசிறி, நாற்காலி இழுக்கும் சத்தம், இருமல் எல்லாம் சேர்ந்து பேச்சைக் கூழாக்கிவிடும்.

“நாலு வருஷம் செயலாளரா இருந்தேன்,” என்றாள் சாவிக்காரி. “எல்லாரும் சிரிச்சா சிரிப்பேன். எல்லாரும் கை தூக்கினா தூக்குவேன். எதுக்குத் தூக்கினேன்னு வீட்டுக்குப் போய் யோசிப்பேன். இந்த வயர் போட்ட பிறகுதான் கூட்டத்துல என்ன பேசறாங்கன்னே எனக்குத் தெரியும்.”

“வயர்னா?”

“இந்த ஹாலைச் சுத்தி, தரையோரமா ஓடுது பாருங்க. மைக்ல பேசினா அது வயருக்குப் போகும். வயரைச் சுத்தி காந்த அலையா மாறும். என் மெஷினுக்குள்ள டெலிகாயில்னு குட்டிக் கம்பிச்சுருள் இருக்கு. அதைப் போட்டா, ஹால் சத்தம் ஒண்ணும் வராது. மைக்ல பேசறவர் என் தலைக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கும்.” அவள் மோப்பத்தின் கொண்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “ஆமா, உங்களுதுல டீ இருக்கா?”

“டீயா? கடையில சொல்லிருக்கேன், வரும்.”

“அந்த டீ இல்லக்கா. டெலிகாயில். சுருக்கமா டீன்னு சொல்வோம். உங்க மெஷின்ல இருக்கான்னு கேட்டேன்.”

மோப்பத்தின் கை அனிச்சையாகக் கொண்டையைச் சரிசெய்தது. அவளுக்கும் ஒரு கருவி உண்டு. சின்ன வயதில் சீழ் வடிந்து வடிந்து காது வழி கெட்டுப்போனதால், மண்டையோட்டை அதிரவைத்து எலும்பு வழியாகவே சத்தத்தை உள்ளே அனுப்புகிற கருவி. உலகத்தின் ரகசியங்களை எல்லாம் வெளியே கொண்டுவருவதாக விளம்பரம் செய்தவள், இந்த ஒரு ரகசியத்தை மட்டும் மூன்று வருடமாகக் கொண்டைக்குள் வைத்திருந்தாள். சாவிக்காரி அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

“அண்ணியோட தலையில எல்லாம் இருக்கும்,” என்றாள் நாத்தனார். “எதை எப்படிப் போடணும்னுதான் தெரியாது. கருவியைக் குடுத்த அம்மா ஒரு மணி நேரம் விளக்கினாங்க. அண்ணி தலையாட்டிட்டே இருந்தாங்க. வெளிய வந்ததும் என்கிட்ட ‘என்ன சொன்னாங்க?’ன்னு கேட்டாங்க.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாததால் மோப்பம் பேச்சை மாற்றினாள். “சரி. உன்மேல ஏன் சந்தேகம்?”

“வயர் வந்த பிறகுதான் விஷயம் வெளிய போகுதாம். என் தலையில இருக்கறது ஒலிபரப்பு நிலையமாம். இது வாங்கிக்கத்தான் செய்யும், அனுப்பாதுன்னு சொன்னா யார் கேக்கறா?” சாவிக்காரி சற்றுத் தயங்கினாள். “இன்னொண்ணும் இருக்கு. உங்ககிட்ட மறைக்கக் கூடாது. போன வியாழக்கிழமை மேலாளர் எங்க தலைவர்கிட்ட, ‘பல்வலி எப்படி இருக்கு?’ன்னு கேட்டாரு. தலைவர் ஆடிப்போயிட்டாரு. பல்வலியை அவர் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயம்.”

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?”

“புதன்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி மைக் பக்கத்துல தனியா நின்னு, ‘ஐயோ இந்தப் பல்லு’ன்னு முனகினாரு. ஒலிபெருக்கி அப்போ போடலை. வயர் மட்டும் ஓடிட்டிருந்துச்சு. அதை இந்த ஹால்ல ஒரே ஒரு ஆள்தான் கேட்டிருக்க முடியும்.”

“யாரு?”

“நான்தான்.”

தனக்கு எதிரான ஒரே சாட்சியைத் தானே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு அவள் கூட்டத்துக்கு நாற்காலி போடப் போய்விட்டாள். மோப்பம் சுவரில் சாய்ந்தாள். குற்றவாளியே வந்து நம்மை வேலைக்கு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் நடக்காததல்ல. அப்படி ஒருமுறை நடந்தபோது, அந்த ஆள் ஊரைவிட்டே ஓடியபிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

“அண்ணி, அந்தப் பொண்ணு இல்ல,” என்றாள் நாத்தனார்.

“எதை வெச்சுச் சொல்றே?”

“பொய் சொல்றவ தனக்குச் சாதகமாத்தானே சொல்வா. நீங்க எங்க அண்ணன்கிட்ட சொல்றப்போ பாத்திருக்கேன்ல.”

ஒட்டடையைக் கழுவிக்கொள்ள முதல் மாடியில் குழாய் இருப்பதாகக் காவலாளி சொன்னார். இருவரும் படியேறினார்கள். நாத்தனார் பல்வலி பற்றி ஆரம்பித்து, தன் கடைவாய்ப்பல், தன் அத்தையின் பல்செட் என்று விரிந்துகொண்டே போனாள். மோப்பம் வழக்கம்போல் கொண்டைக்குப் பின்னால் விரலைவிட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தினாள்.

இந்தப் பொத்தானுக்கு அவள் மனத்துக்குள் வைத்திருந்த பெயர் ‘நாத்தனார் பொத்தான்’. அழுத்தினால் உலகம் அடங்கிவிடும். ஃபிரிட்ஜ் பக்கம் போனால் மட்டும் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் வரும். எதற்காக அந்தப் பொத்தானை வைத்தார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. குடும்பப் பெண்களின் கஷ்டம் தெரிந்த யாரோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்து நன்றியோடு பயன்படுத்தி வந்தாள்.

நாத்தனாரின் உதடுகள் மட்டும் அசைந்தன. அமைதி. மாடித் தளத்தில் கால் வைத்தாள்.

“சோதனை, சோதனை,” என்றது ஓர் ஆண்குரல், அவள் மண்டைக்குள். “ஸ்ஸ்... ஐயோ, இன்னைக்கு இடது பக்கமும் சேர்ந்துக்கிச்சே.”

மோப்பம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். மனசாட்சியாக இருக்குமோ? மனசாட்சி என்றால் அவள் குரலில் அல்லவா பேச வேண்டும். அதற்கு ஏன் பல்வலி?

முகம் கழுவக் குனிந்தாள். குரல் தேய்ந்தது. நிமிர்ந்தாள். திரும்ப வந்தது. மறுபடி குனிந்தாள், நிமிர்ந்தாள், பக்கவாட்டில் சாய்ந்தாள். தலை நேராக இருக்கும்போது குரல் கணீரென்று இருந்தது, சாய்ந்தால் மங்கியது. குழாய்க்கு முன்னால் இப்படிப் பலமுறை வணக்கம் போட்டபின், நாத்தனார் தோளைப் பிடித்து உலுக்குவது தெரிந்தது. பொத்தானை அழுத்தி உலகத்தைத் திரும்ப வரவழைத்தாள்.

“அண்ணி, என்ன ஆச்சு? குழாயைக் கும்பிடறீங்க?”

“எனக்கு டீ இருக்கு,” என்றாள் மோப்பம்.

“கடைக்காரன் இன்னும் வரலையே?”

“அந்த டீ இல்ல. மூணு வருஷமா அதைப் போட்டுத்தான் உன்...” பாதியில் நிறுத்தி வேறு பக்கம் திருப்பினாள். “அதை விடு. கீழ மைக்ல பேசறது மேல வரைக்கும் வருது. காந்த அலைக்குச் சுவரு, கூரை எல்லாம் ஒரு தடையே இல்ல. இந்த மாடியில டீ இருக்கற யாராவது உக்காந்திருந்தா, கூட்டம் முழுக்க அவங்க தலைக்குள்ளதான் நடக்குது. கை தூக்கறது மட்டும் தெரியாது.”

நாத்தனார் தரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள். அரங்கத்துக்கு நேர் மேலே ஒரே ஒரு வீடுதான் இருந்தது. போய் அழைப்பு மணியை அழுத்தினாள். சத்தமே இல்லை.

“மணி கெட்டுப்போச்சு.”

“கீழ பாரு,” என்றாள் மோப்பம். கதவிடுக்கில், உள்ளே ஒரு விளக்கு பளிச் பளிச்சென்று அணைந்து எரிந்தது. சத்தத்துக்குப் பதிலாக வெளிச்சத்தால் கூப்பிடும் மணி. “இந்த வீட்டுக்காரருக்கு மணி கேக்காது.”

கதவைத் திறந்தவர் மெலிந்த, நேர்த்தியான பெரியவர். சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை. காதின் பின்னால் சாவிக்காரிக்கு இருந்தது போலவே கருவி, தலையில் வட்டச் சில்லு. யார், என்ன என்று கேட்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

“எதுவா இருந்தாலும் உள்ள வந்து உக்காருங்க. என் நாடகம் ஆரம்பிக்கற நேரம். பல்வலிக்காரர் முனகியாச்சு.”

உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, அதைச் சுற்றித் தரையில் மெல்லிய ஒரு வயர், பக்கத்தில் ரேடியோ. கச்சேரி கேட்பதற்காக மகள் செய்து கொடுத்த ஏற்பாடு என்றார். இப்போதெல்லாம் புதன்கிழமை மாலையில் மட்டும் ஒரு தொடர் நாடகம் வருகிறதாம். ஒரு சங்கம், ஒரு பிரிவை மூடுவது, அதற்கெதிரான போராட்டம்.

“வேற ஸ்டேஷன் ஒண்ணு குறுக்க வருதுன்னு நெனக்கறேன். ஆனா பிரமாதமான நடிப்பு. பாத்திரங்கள் இருமறதுகூட நிஜமா இருமற மாதிரியே இருக்கும். பூட்டு, சாவின்னு பேசுவாங்க. அது ஏதோ குறியீடு போல.” அவர் சாய்ந்து உட்கார்ந்து கருவியில் கை வைத்தார். “ஷ். தொடங்கிடுச்சு.”

மோப்பமும் பொத்தானை அழுத்தினாள். தலைவரின் குரல் வந்தது. செயலாளர் மேல் எழுந்த புகார், வயரைப் பிடுங்கும் தீர்மானம். பெரியவரும் மோப்பமும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள். ஒரே நேரத்தில் “ச்சு” என்றார்கள். நல்ல காதுகளோடு பிறந்து, அவற்றை ஒருநாளும் சும்மா விடாத நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அறையில் காது கேட்காதவள் அவள் ஒருத்திதான்.

“இந்தச் சாவிக்காரி நல்ல பாத்திரம்,” என்றார் பெரியவர் கவலையோடு. “அவமேல போய்ப் பழியைப் போடறான். எழுதறவனுக்குப் புத்தி பிசகிப்போச்சு.”

“இதெல்லாம் கேட்டு யார்கிட்டயாவது சொல்வீங்களா?” என்று மோப்பம் சத்தமாகக் கேட்டாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“மாப்பிள்ளைகிட்ட. ராத்திரிச் சாப்பாடு அவர்தான் கொண்டுவந்து தருவாரு. முன்னெல்லாம் பாத்திரத்தை வாசல்ல வெச்சிட்டுப் போயிடுவாரு. பேச்சே கிடையாது. ஒருநாள் சும்மா இந்தக் கதையைச் சொன்னேன். அப்படியே உக்காந்துட்டாரு. இப்போ ஒவ்வொரு புதனும் ‘அப்புறம் என்ன ஆச்சு மாமா?’ன்னு கேட்டுக் கேட்டு வாங்குவாரு. நான் கோர்ட்ல சுருக்கெழுத்துக்காரனா இருந்தவன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். கேட்டதை அப்படியே சொல்வேன்.” அவர் முகத்தில் ஒரு பெருமிதம். “வில்லன் ஒருத்தன் வரான். கல்லுளிமங்கன்னு பேரு. அவனைப் பத்திச் சொன்னா மாப்பிள்ளை ரொம்ப ரசிப்பாரு.”

நாத்தனார் மோப்பத்தின் இடுப்பில் இடித்தாள். சுவரில் மகளும் மருமகனும் இருக்கும் படம். மருமகனின் கண்ணாடியும் இறுக மூடிய உதடுகளும். தொழிற்சாலை வாசலில் அந்த முகத்தை இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். அந்த மேலாளருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர்தான் கல்லுளிமங்கன்.

பெரிய துப்பறிவாளர்கள் இந்த இடத்தில் எழுந்து நின்று, விரலை நீட்டி, உண்மையை உடைப்பார்கள். மோப்பம் எழவே இல்லை. தவறான ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த அனுபவம் அவளுக்கு நிறைய உண்டு. குற்றவாளி இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்து பார்த்ததில்லை.

“ஐயா, இது நாடகம் இல்ல,” என்றாள். “கீழ ஹால்ல நிஜமா நடக்குது.”

அவர் சிரித்தார். அவள் நாத்தனாரின் காதில் ஏதோ சொன்னாள். நாத்தனார் படியில் தடதடவென்று இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் தலைவரின் குரல் பாதியில் அறுந்தது. “ஏம்மா, யாரும்மா நீ, மைக்கை விடும்மா” என்ற சத்தத்துக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டது.

“மேல இருக்கற ஐயாவுக்கு வணக்கம். நான் இப்போ உங்க வீட்டுல இருந்தேனே, அவதான். நான் நடிகை இல்ல. எங்க அண்ணி உங்க எதிர்ல உக்காந்திருப்பாங்க. அவங்க தலையில இடது பக்கம் இன்னும் ஒட்டடை இருக்கு. கொஞ்சம் தட்டிவிடுங்க.”

பெரியவர் மோப்பத்தின் தலையைப் பார்த்தார். கை நீட்டி, ஒட்டடையை இரண்டு விரலால் எடுத்தார். அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

“அப்போ அந்தக் கல்லுளிமங்கன்,” என்றார் கடைசியில். “பதில் சொல்றதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு, ‘பார்க்கலாம்’னு சொல்வான்னு போன வாரம் சொன்னாங்க. கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இப்படித்தானேன்னு நெனச்சேன்.”

மோப்பம் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

“எந்தக் கம்பெனின்னு அவரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. வாசலோட போறவர்கிட்ட என்ன கேக்கறது? எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரலை. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கதை கேக்கறப்போ சந்தேகம் எங்கிருந்து வரும்?”

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். “வாங்க, அந்தப் பொண்ணு பாவம்.”

கீழே அரங்கம் ஒரே இரைச்சலாக இருந்தது. மைக்கைப் பறிகொடுத்த தலைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவிக்காரி கடைசி வரிசையில், ராஜினாமா செய்யத் தயாரானவள்போலக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் மைக்குக்கு முன்னால் போய், சாட்சிக்கூண்டில் நிற்பவர்போல நிமிர்ந்து நின்றார். யாரையும் பார்க்காமல், அன்றைய கூட்டத்தைத் தலைவரின் முதல் முனகலிலிருந்து வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். இடது பக்கமும் சேர்ந்துகொண்டது வரை. அரங்கம் மெல்ல மெல்ல அடங்கியது.

“இதுவரைக்கும் வெளிய போன ஒவ்வொரு வார்த்தையும் என் வாயால போனது,” என்றார். “அந்தப் பொண்ணு தலையில இருக்கறதும் என் தலையில இருக்கறதும் ஒரே சாமான். அதுக்குக் காது உண்டு, வாய் கிடையாது. எனக்குத்தான் வாய் இருந்துச்சு.”

யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கும் முன்பே அவர் அதையும் சொன்னார். சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

வயரைப் பிடுங்க வேண்டும் என்று அதிகமாகக் கத்தியவர் எழுந்து, அலை மேலே ஒழுகாமல் வேறு மாதிரிப் போட முடியுமா என்று கேட்டார். முடியும், அப்படிப் போடும் முறை இருக்கிறது, வயர் போட்டவரே செய்து தருவார் என்றாள் சாவிக்காரி. “அதுவரைக்கும் ரகசியத்தை மைக் இல்லாம பேசிக்கலாம்” என்றது ஒரு குரல். அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

“அப்போ நான் மறுபடியும் சும்மா தலையாட்டணும். அது முடியாது. நான் கூட்டத்துல இருந்தா மைக்ல பேசுங்க.”

தலைவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். “மைக்லதான் பேசறோம். உக்காரும்மா. தீர்மானம் வாபஸ்.” பிறகு பெரியவரைப் பார்த்து, “இனிமே மேல உக்காந்து கேக்காதீங்க ஐயா. இங்கயே நாற்காலி போடறோம்,” என்றார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு மோப்பமும் நாத்தனாரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்தான் வெளியே இருக்கச் சொன்னார். மருமகன் வந்தால் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்றார். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இருவருக்கும் பயம். போகவும் மனமில்லை.

மேலாளர் அடுக்குப் பாத்திரத்தோடு படியேறி வந்தார். படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

“என்ன பேசறாங்க?” என்றாள் மோப்பம். மூடிய கதவுக்கு முன்னால் அவள் எலும்பும் உதவாது, டீயும் உதவாது. வழக்கின் உச்சக்கட்டத்தில் துப்பறிவாளர் படியில், உதவியாளர் கதவில்.

நாத்தனார் கதவில் காதை வைத்தாள். அதற்கு அவளுக்கு யாரும் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை.

“‘அப்புறம் என்ன ஆச்சு மாமா?’ங்கறாரு... பெரியவர் சொல்றாரு, ‘இன்னைக்குப் புதுசா ஒரு பாத்திரம் வந்துச்சு மாப்பிள்ளை. கல்லுளிமங்கனோட மாமனார். மாடியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டு, தெரியாமலே மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டிருந்தாராம். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. கீழ போய் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.’”

“அப்புறம்?”

“சத்தத்தையே காணோம். கண்ணாடியைத் துடைக்கறாரு போல.”

“அது எப்படிக் கேக்கும்?”

“கேக்காது. எனக்குத் தெரியும்.” நாத்தனார் கையைத் தூக்கி அவளை அடக்கினாள். “மாப்பிள்ளை பேசறாரு. ‘பிரிவை மூடறது என் ஒருத்தன் கையில இல்ல மாமா. ஆனா நாளைக்கு ஒண்ணும் தெரியாதவனாத்தான் போய் உக்காருவேன். இதுவரைக்கும் தெரிஞ்சதை அவங்ககிட்டயே சொல்லிட்டு உக்காருவேன்.’ பெரியவர், ‘அது உங்க இஷ்டம்’ங்கறாரு. ‘நீங்க கிளம்புங்க, நேரமாச்சு. இனிமே சொல்றதுக்கு என்கிட்ட கதை இல்ல’ன்னு சொல்றாரு.”

கதவு திறந்தது. நாத்தனார் விழாமல் இருக்க மோப்பத்தின் கொண்டையைப் பிடித்தாள். மேலாளர் வெளியே வந்தார். இருவரையும் பார்த்தார். இரண்டு படி இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கீழே இருண்டிருந்த அரங்கத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு திரும்பி ஏறி, மறுபடியும் உள்ளே போனார்.

“இப்போ என்னவாம்?” என்றாள் மோப்பம், கருவியை நேராக்கிக்கொண்டே.

நாத்தனார் கதவில் சாய்ந்து வெகுநேரம் கேட்டாள். அவ்வளவு நேரம் அவள் வாயைத் திறக்காமல் இருந்ததை மோப்பம் அதற்கு முன் கண்டதில்லை.

“பேச்சே இல்ல அண்ணி. பாத்திரத்தைப் பிரிக்கற சத்தம்தான் கேக்குது. தட்டு வைக்கறாங்க.”

“தட்டா?”

“ரெண்டு தட்டு.”